கேஸ்கேட் என்ற பெயரில் வாசனை இல்லை

பியர் காய்ச்சும் உலகில் ஆழ வேரோடிய நம்பிக்கை ஒன்று உண்டு. ஹாப்ஸ் ரகத்தின் பெயர் தெரிந்தால் போதும், கோப்பையில் வரப்போகும் வாசனையும் தெரிந்துவிடும் என்பதே அது. சாட்ஸ் என்றால் மூலிகை மணம்; ஹாலர்டாவ் என்றால் மெல்லிய பூமணம்; கேஸ்கேட் என்றால் கிரேப்ஃப்ரூட். ஹாப்ஸ் வியாபாரிகளின் பட்டியல்கள் இப்படித்தான் அச்சாகின்றன. வீட்டில் பியர் காய்ச்சுவோருக்கான கையேடுகளும் இதையே ஒப்பிக்கின்றன. மைக்ரோ ப்ரூவரிகளின் மெனு அட்டை வரைக்கும் இந்த வாய்ப்பாடு வந்து சேர்ந்துவிட்டது. ரகத்தின் பெயர், அதற்கு எதிரே ஆல்ஃபா அமிலம் இத்தனை சதவீதம், எண்ணெய் இத்தனை மில்லி, வாசனை இன்னது. மூன்று கட்டங்களில் ஒரு கொடியின் ஜாதகத்தை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இந்த ஜாதகம் செல்லாது என்பதே என் வாதம். அதற்குச் சாட்சியாகக் கேஸ்கேட்டையே கூண்டில் ஏற்றப் போகிறேன். காரணம் உண்டு. அமெரிக்க வாசனை ஹாப்ஸ்களில் இதைப் போல் பேர் பெற்றதும் இல்லை, இதைப் போல் ஆராயப்பட்டதும் இல்லை. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது ரகம் என்பதால் ஓரிகன் தொடங்கி நியூசிலாந்து வரை யார் வேண்டுமானாலும் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெயர்தான் வாசனை என்றால், அது முதலில் உண்மையாக வேண்டியது கேஸ்கேட் விஷயத்தில்தான்.

ஹாப்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. கஞ்சாவின் குடும்பத்தில் பிறந்த கொடி இது. ஆண், பெண் என்று தனித்தனிக் கொடிகள். பெண்கொடியில் பிடிக்கும் பச்சைக் கூம்புகளைத்தான் பியருக்குப் பறிக்கிறார்கள். கூம்பின் இதழ்களைப் பிரித்தால் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அதற்கு லுப்புலின் என்று பெயர். சரக்கு முழுவதும் அந்தப் பொடியில்தான். அதிலுள்ள ஆல்ஃபா அமிலம் மால்ட் சாற்றோடு சேர்ந்து கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகிறது. எண்ணெய் வாசனையைத் தருகிறது. கசப்புக்கென்றே வளர்ப்பவை ஒரு வகை, வாசனைக்கென்று வளர்ப்பவை இன்னொரு வகை. கேஸ்கேட் இரண்டாவது வகை. ஆல்ஃபா அமிலம் நாலரை முதல் ஏழு சதவீதம். எண்ணெய் 100 கிராமுக்கு ஒரு மில்லியை ஒட்டி.

முதலில் பிறப்புக் கதையைப் பார்ப்போம். கிரேப்ஃப்ரூட் வாசனைக்காகவே கேஸ்கேட்டை உருவாக்கினார்கள், அது அமெரிக்க கிராஃப்ட் பியர் புரட்சியைக் கொண்டுவந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். நடந்தது வேறு. ஓரிகன் மாநிலத்துக் கார்வாலிஸில் அமெரிக்க வேளாண் துறை நடத்திய ஹாப்ஸ் திட்டத்தில் 1956இல் ஜாக் ஹார்னர் சேகரித்த விதை இது. தாய்வழியில் இங்கிலாந்தின் ஃபகிள், ரஷ்யாவின் செரிப்ரியாங்கா. தந்தை யார் என்று ஏட்டில் இல்லை. காற்றில் வந்த மகரந்தம். அந்த நாற்றுக்கு 56013 என்று எண் போட்டார்கள். அப்போது அவர்கள் தேடியது வாசனையை அல்ல. மழை மிகுந்த மேற்கு ஓரிகனில் ஹாப்ஸ் தோட்டங்களை அடிச்சாம்பல் நோய் நாசம் செய்துகொண்டிருந்தது. அதைத் தாங்கும் கொடி ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கொடி கிடைத்தது. நோயைத் தாங்கியது, விளைச்சலும் நன்றாகக் கொடுத்தது. ஆனால் வாங்க ஆளில்லை. பெரிய பியர் நிறுவனங்கள் பல ஆண்டுகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியில் வெர்டிசிலியம் வாடல் நோய் புகுந்தது. அமெரிக்கர்கள் விரும்பி இறக்குமதி செய்த ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ ரகம் அங்கே சரியத் தொடங்கியது, விலை ஏறியது. உள்நாட்டிலேயே மாற்று கிடைக்குமா என்று கூர்ஸ் போன்ற நிறுவனங்கள் தேட ஆரம்பித்தபோது ஆய்வுத் தோட்டத்தில் தயாராக நின்றது 56013. அப்போது திட்டத்தில் இருந்த ஆல்ஃபிரட் ஹவுனால்ட் அதை முன்னெடுத்தார். 1972இல் கேஸ்கேட் என்ற பெயரோடு வெளியிட்டார்கள். பதினாறு ஆண்டு காத்திருந்த நாற்றுக்கு மலைத்தொடரின் பெயர்.

ஆக, கேஸ்கேட் முதன்முதலில் சந்தைக்கு வந்தது ஜெர்மானிய மென்மணத்துக்கு உள்ளூர் மாற்றாக. வெளிர் லாகர் பியரில், மிகக் குறைந்த அளவில், பெரும்பாலும் கொதிகலனில் போடப்பட்டது. அங்கே யாரும் கிரேப்ஃப்ரூட்டைக் கொண்டாடவில்லை. நாளாவட்டத்தில் பெரிய நிறுவனங்கள், இது ஹாலர்டாவ் மாதிரி இல்லையே என்று விலகிப் போயின. இதே கொடியைச் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிறுவனம் 1975இல் லிபர்டி ஏல் பியரில் தாராளமாகப் போட்டது. 1980இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ ஊரில் கென் கிராஸ்மனின் சியெரா நெவாடா, பேல் ஏல் காய்ச்சத் தொடங்கியபோது முழுக் கூம்புகளாகக் கேஸ்கேட்டைக் கொதியின் கடைசிக் கட்டத்தில் கொட்டியது. அப்போதுதான் உலகம் அந்த வாசனையைக் கண்டுபிடித்தது.

கொடி ஒன்றே. லாகர்காரரிடம் அது தோற்றுப்போன ஹாலர்டாவ், ஏல்காரரிடம் கிரேப்ஃப்ரூட். இன்றைய பட்டியல் இந்த இரண்டாவது பயன்பாட்டின் முடிவை எடுத்து, கொடியின் இயல்பாக எழுதி வைத்திருக்கிறது. எத்தனை நேரம் கொதித்தது, எப்போது போடப்பட்டது, எந்த ஈஸ்ட் வேலை செய்தது என்பதையெல்லாம் விழுங்கிவிட்டு, ஒரு குறிப்பிட்ட காய்ச்சல் முறையின் விளைவை மட்டும் ரகத்தின் தலையில் ஏற்றுகிறது. என் முதல் ஆட்சேபம் இது.

இரண்டாவது ஆட்சேபம் அந்த எண்கள் மீது. எண்ணெய் கூடினால் வாசனை கூடும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஷெல்ஹாமரின் ஆய்வுக்கூடம் இதைச் சோதித்துப் பார்த்தது. வெவ்வேறு அளவு எண்ணெய் கொண்ட கேஸ்கேட் மாதிரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் ஒரே அடிப்படை பியரில் ஊறவைத்து, பயிற்சி பெற்றவர்களை முகர்ந்து மதிப்பிடச் செய்தார்கள். 2016இல் வெளியான முடிவு: மொத்த எண்ணெய் அளவை வைத்து வாசனையின் வலிமையைக் கணிக்க முடியாது. எண்ணெயில் சொற்பமாக உள்ள ஜெரானியால் என்ற சேர்மம் அதைவிட நல்ல அறிகுறியாக இருந்தது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அந்த ஆய்வின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. எல்லா மாதிரியும் கேஸ்கேட்தான். ஆனாலும் எண்ணெய் அளவும் வேறு, சேர்க்கையும் வேறு, பியரில் கொடுத்த மணமும் வேறு. பட்டியலில் இவை அனைத்துக்கும் ஒரே வரி.

எண்ணெயின் உள்ளே போனால் குழப்பம் இன்னும் அதிகம். கேஸ்கேட் எண்ணெயில் பாதி அளவுக்கு மிர்சீன். பட்டியல்கள் அதைப் பெரிதாகப் போடுகின்றன. ஆனால் மிர்சீன் கொதியில் ஆவியாகப் பறந்துவிடும். மிஞ்சியது நீரில் கரைய மறுத்து ஈஸ்ட்டோடும் நுரையோடும் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். பியருக்குள் வந்து சேர்வது சிறுபகுதி. எண்ணெயில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாத லினலூல், ஜெரானியால் போன்றவை நீரில் நன்றாகக் கரைந்து கோப்பை வரை வருகின்றன. இவற்றுக்கும் கீழே, வழக்கமான எண்ணெய்ச் சோதனையில் தலைகாட்டாமல், தயால்கள் எனப்படும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை லிட்டருக்கு ஒன்றிரண்டு நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். கிரேப்ஃப்ரூட் குணத்தில் இவற்றுக்குப் பெரும் பங்கு. ஆக, அதிகம் இருப்பது பியருக்கு வருவதில்லை. மணப்பது பட்டியலில் இருப்பதில்லை.

இனி தோட்டத்துக்குப் போவோம். ரகவாதிகள் அதிகம் போகாத இடம் அது.

அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பங்கு வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைகிறது. கேஸ்கேட் மலைத்தொடரின் மழைமறைவில், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவுக்கே மழை காணும் வறண்ட நிலம். மலைப்பனி உருகி வரும் தண்ணீரில்தான் பாசனம். பதினெட்டு அடி உயரத்தில் கம்பி கட்டி, கம்பியிலிருந்து தரைக்குக் கயிறு இறக்கி, கொடியை ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கயிறு பெரும்பாலும் இலங்கையிலிருந்து கப்பலேறும் தென்னைநார்க் கயிறு. பருவ முடிவில் கொடியோடு சேர்த்து அறுத்துவிடுவதால் ஆண்டுதோறும் புதிதாக வாங்குகிறார்கள். மழை ஓரிகனுக்காகப் பிறந்த கேஸ்கேட், இந்தப் பாதிப் பாலைவனத்தில்தான் கோலோச்சியது. எக்டேருக்கு இரண்டு டன் அளவுக்குக் காய்ந்த கூம்பு தரக்கூடிய, முரட்டுத்தனமாக வளரும் கொடி. விவசாயிக்கு அதைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

மலைக்கு மேற்கே, ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கில் ஈரம் அதிகம், மண் வேறு, கோடை மிதமானது. நியூசிலாந்தின் தென்தீவில் நட்ட கேஸ்கேட் இன்னும் தூரம் போய்விட்டது. அங்கே விளைந்ததில் எலுமிச்சையும் வெப்பமண்டலப் பழங்களின் சாயலும் மேலோங்க, அதைக் கேஸ்கேட் என்ற பெயரில் விற்பது வாங்குவோரைக் குழப்பும் என்று தைஹேக்கே என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். ரகத்தின் பெயர் வாசனையைச் சொல்லும் என்ற கொள்கைக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டுமா? விற்பவனே பெயரைக் கைவிட்டுவிட்டான்.

மதுரை மல்லியின் நாற்று பெரும்பாலும் இராமநாதபுரம் பக்கத்து மண்ணிலிருந்து வருவது பூ வியாபாரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாற்று அங்கே, புகழ் இங்கே. புவிசார் குறியீடு விளைந்த ஊருக்குத்தான் கிடைத்தது. நாற்று எங்கிருந்து வந்தாலும் பூவின் குணத்தில் விளையும் இடத்துக்குப் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம் இருப்பதில்லை. ஹாப்ஸ் என்று வந்தால் மட்டும் நாற்றின் பெயரே போதும் என்கிறோம்.

இதைச் சொன்னதும் மண்வாசனைக் கவிஞர்கள் கைதட்டுவார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மண்ணுக்கு ஏதோ ஆன்மா இருக்கிறது, அது கூம்புக்குள் இறங்குகிறது என்ற பேச்சு ரகவாதத்தின் மறுபக்கம். ஒரு மந்திரத்தைத் தள்ளிவிட்டு இன்னொன்றை உட்காரவைப்பது. தோட்டத்தில் நடப்பதற்குத் துலக்கமான காரணங்கள் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 4எம்எம்பி என்ற தயால் அமெரிக்கக் கேஸ்கேட்டில் தென்பட்டது. ஐரோப்பிய ஹாப்ஸ்களில் அரிதாக இருந்தது. காரணங்களில் ஒன்று, ஐரோப்பியத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கு வழிவழியாகத் தெளிக்கும் செம்பு மருந்து. செம்பு தயால்களோடு சேர்ந்து அவற்றைக் குறைத்துவிடுகிறது. வறண்ட யாக்கிமாவில் அந்த நோயின் தொல்லை குறைவு, செம்பின் தேவையும் குறைவு. வாசனையைத் தீர்மானிப்பதில் மருந்து தெளிப்பானுக்கும் பங்கு இருக்கிறது! இதை எந்த விதைப் பட்டியலில் எழுதுவார்கள்?

நோய் எதிர்ப்பும் அப்படித்தான். கேஸ்கேட் நோய் தாங்கும் ரகம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1997இல் அடிச்சாம்பலிலிருந்து வேறான சாம்பல் நோய் யாக்கிமாவில் கால்வைத்தபோது மற்ற ரகங்கள் வெளுத்துப்போக, கேஸ்கேட் ஓரளவு நிமிர்ந்து நின்றது உண்மை. ஆனால் பரப்பு பெருகப் பெருக, கேஸ்கேட்டையே குறிவைத்துத் தாக்கப் பழகிய பூஞ்சை வகைகள் பிற்பாடு அதே பகுதியில் கிளம்பின. கொடி மாறவில்லை, எதிரி மாறினான். பட்டியல் மட்டும் பழைய வரியையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அறுவடை நாள். ஒரே தோட்டம், ஒரே வரிசை, ஒரே கொடி. இன்று அறுத்தால் ஒன்று, இரண்டு வாரம் கழித்து அறுத்தால் வேறொன்று. ஆல்ஃபா அமிலம் ஒரு கட்டத்தில் உச்சம் தொட்டு நின்றுவிடும். எண்ணெய் அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகும். 2014இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் கேஸ்கேட்டையும் வில்லமெட் ரகத்தையும் வெவ்வேறு முதிர்ச்சியில் பறித்து இதைக் காட்டினார்கள். 2019இல் அதே குழுவின் ஸ்காட் லஃபோன்டெய்ன் முதலியோர் வெவ்வேறு முதிர்ச்சியில் பறித்த கேஸ்கேட்டை பியரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். பிந்திப் பறித்ததில் நாரத்தைவகைப் பழமணம் வலுவாக வந்தது. முந்திப் பறித்தது பச்சைத் தழை மணத்தோடு நின்றது. இரண்டையும் பெட்டியில் அடைத்து ஒரே பெயரை ஒட்டலாம்; சட்டப்படி தப்பில்லை.

ஏன் எல்லோரும் பிந்திப் பறிக்கக் கூடாது என்று கேட்கலாம். பண்ணையின் கணக்கு அப்படி விடாது. ஆகஸ்ட் பிற்பாதியில் தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் எல்லா ரகத்தையும் அறுத்தாக வேண்டும். இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடும். அறுத்த கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உடனே சூடான காற்றில் உலர்த்தி ஈரத்தைப் பத்து சதவீதத்துக்குள் கொண்டுவராவிட்டால் வெந்து கெட்டுவிடும். உலர்த்தும் தளத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் அன்றைக்கு அறுக்க முடியும். எல்லாக் கொடிக்கும் அதனதன் நல்ல நாள் கிடைப்பதில்லை. அதிகம் முற்றவிட்டாலும் ஆபத்து; சில ரகங்களில் வெங்காயம், பூண்டு வாடை தலைதூக்கும். ஆக, உங்கள் கோப்பையில் இருக்கும் கேஸ்கேட் மணத்தில் ஒரு பகுதியை அந்தப் பண்ணையின் உலர்த்தும் தளம் முடிவு செய்திருக்கிறது. சூடு கூடினால் எண்ணெய் பறக்கும், அவசரப்பட்டால் நடுப்பகுதியில் ஈரம் தங்கும். இதில் மரபணுவுக்கு என்ன வேலை?

கிடங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேஸ்கேட் சேமிப்புக்கு ஒத்துவராத ரகம். 20 டிகிரி வெப்பத்தில் ஆறு மாதம் கிடந்தால் ஆல்ஃபா அமிலத்தில் ஏறத்தாழப் பாதி காணாமல் போகும். குளிரூட்டி, காற்று நீக்கி அடைத்தால் தாங்கும். பொட்டலத்தைப் பிரித்துவிட்டு அலமாரியில் வைத்திருந்து, வாசனை வரவில்லையே என்று ரகத்தைத் திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

கடைசியாகக் காய்ச்சும் இடம். வாசனை ஹாப்ஸில் இருக்கிறது, பியருக்குள் அதைக் கரைத்தால் போதும் என்று நினைப்பது பெரும்பிழை. அதன் கணிசமான பகுதி பியருக்குள் பிறக்கிறது. ஹாப்ஸில் வரும் ஜெரானியாலை ஈஸ்ட் எடுத்து, சிட்ரோனெல்லால் என்ற வேறொரு மணப்பொருளாக மாற்றுகிறது. ரோஜாச் சாயல் எலுமிச்சைச் சாயலாகிறது. கிரேப்ஃப்ரூட் மணம் தரும் தயால்களில் ஒன்று, கேஸ்கேட் கூம்பில் பெரும்பாலும் அமினோ அமிலச் சேர்மங்களோடு கட்டுண்டு, மணமே இல்லாமல் கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதி ஈஸ்ட்டிடம் இருக்கிறது. எல்லா ஈஸ்ட்டிடமும் ஒரே வலிமையில் இல்லை. ஒரு ஈஸ்ட் பூட்டைத் திறக்கும், இன்னொன்று அப்படியே விட்டுவிடும். அதே ஹாப்ஸ், அதே அளவு, அதே மால்ட். ஈஸ்ட் மாறினால் வாசனை மாறும்.

வாசனை குறைந்தால் அள்ளிப் போடு என்பது இதன் தொடர்ச்சியாக வந்த இன்னொரு மூடநம்பிக்கை. நொதித்த பியரில் கொதிக்கவைக்காமல் ஹாப்ஸ் போட்டு ஊறவைப்பதை ட்ரை ஹாப்பிங் என்கிறார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக இதில் ஒரு போட்டியே நடக்கிறது, யார் அதிகம் கொட்டுவது என்று. 2018இல் லஃபோன்டெய்னும் ஷெல்ஹாமரும் கேஸ்கேட்டை வைத்தே இந்தக் கணக்கைப் பார்த்தார்கள். 100 லிட்டருக்கு 400 முதல் 800 கிராம் வரை பயன் இருந்தது. அதற்கு மேலே போடப் போட வாசனை அந்த விகிதத்தில் ஏறவில்லை. அதுமட்டுமல்ல, பழமணம் பின்வாங்கி, தேயிலையும் மூலிகையும் போன்ற மணம் முன்னால் வந்தது. ஒரே ரகம், ஒரே லாட், அதாவது ஒரே சரக்குத் தொகுதி; அளவை மட்டும் கூட்டினால் குணம் வேறாகிறது. கேஸ்கேட்டின் வாசனை எது என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம், 400 கிராமின் வாசனையா, 1600 கிராமின் வாசனையா?

ட்ரை ஹாப்பிங்கில் இன்னொரு விளைவும் உண்டு. வாசனைக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும் விட்டுவிட மனமில்லை. ஹாப்ஸ் வெறும் வாசனைப் பொருள் என்பதையே அது உடைக்கிறது. 1893இல் ஹொரேஸ் பிரவுன், ஹாரிஸ் மாரிஸ் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள், ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருப்பதாக எழுதினார்கள். எல்லோரும் படித்துவிட்டு மறந்துபோனார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, அள்ளிக் கொட்டும் பழக்கம் வந்த பிறகு, போத்தலில் அடைத்த பியர் மறுபடி நொதித்துப் பொங்கத் தொடங்கியது. 2018இல் கெய்லின் கிர்க்பாட்ரிக்கும் ஷெல்ஹாமரும் சோதித்தது கேஸ்கேட்டைத்தான். கூம்பிலிருந்து வந்த நொதிகள், ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்களை உண்ணக்கூடிய சர்க்கரையாக உடைப்பதைக் கண்டார்கள். ஈஸ்ட்டும் கூட இருந்தால் ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். மூன்று கட்டப் பட்டியலில் நொதி என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்ன?

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. அப்படியானால் ரகம் என்பதே பொய்யா, சாட்ஸையும் கேஸ்கேட்டையும் மாற்றி மாற்றிப் போடலாமா என்று கேட்பார்கள். போட முடியாது. செக் நாட்டுச் சாட்ஸை யாக்கிமாவில் நட்டாலும் கேஸ்கேட்டின் கிரேப்ஃப்ரூட் அதில் வராது. அந்தச் சேர்மங்களைச் செய்யும் திறன் மரபணுவில் இருந்தாக வேண்டும். ரகம் எல்லையை வகுக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்த எல்லைக்குள் வாசனை எங்கே போய் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை மற்றவை. கேஸ்கேட் விஷயத்தில் அந்த எல்லை பச்சைத் தழையிலிருந்து ரோஜா, எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட் வழியாகத் தேயிலை வரை பரந்து கிடக்கிறது. இதில் ஒரு புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டு, இதுதான் கேஸ்கேட் என்பவர்களோடுதான் சண்டை.

இன்னொரு பதில் வியாபாரிகளிடமிருந்து வரும். நாங்கள் பல பண்ணைச் சரக்கைக் கலந்து சீராகத்தான் தருகிறோம், வித்தியாசம் உங்களுக்கு வராது என்பார்கள். கலக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? சரக்குக்குச் சரக்கு வித்தியாசம் இருப்பதால். நோயை மறுத்துக்கொண்டே மருந்து விற்கிற பேச்சு இது. கலவை சராசரியைத் தரும். மிகச் சிறந்த லாட்டின் மணம் அந்தச் சராசரியில் அமுங்கிப்போவதை யாரும் சொல்வதில்லை.

உண்மையில் இந்தத் தொழிலின் உள்வட்டம் ரகவாதத்தை நம்புவதே இல்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் வசதியுள்ள ப்ரூவர்கள் யாக்கிமாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். நீண்ட மேசையில் ஒரே ரகத்தின் பல லாட்டுகளை வெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, முகர்ந்து, பிடித்ததைத் தேர்ந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். பெயர்தான் வாசனை என்றால் இந்தப் பயணம் எதற்கு? பெரியவர்கள் லாட்டை வாங்குகிறார்கள். சின்னவர்களுக்குப் பெயரை விற்கிறார்கள். பெங்களூரில் 20 கிலோப் பெட்டியில், அரைத்து அழுத்திய ஹாப்ஸ் குறுணையான பெல்லட் வாங்குகிறவருக்கு மேசையும் இல்லை, தேர்வும் இல்லை.

நம்பிக்கை நிலைத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்று கொடிகட்டிப் பறக்கும் சிட்ரா, மொசைக் போன்றவை தனியார் உடைமைகள். பெயர் வணிகச் சின்னம். உரிமம் பெற்ற பண்ணைகள் மட்டுமே நடலாம். சில பகுதிகளில், சில கைகளில் மட்டும் விளைவதால் அவற்றின் வாசனை உறுதியானது போலத் தோன்றுகிறது. பெயரை விற்றுப் பிழைப்பவர்களுக்கு அந்தத் தோற்றம் மூலதனம். கேஸ்கேட்டுக்கு அந்த வேலி இல்லை. அரசுப் பணத்தில் பிறந்து, யாரும் நடலாம் என்று விடப்பட்டு, பல நாடுகளுக்குப் பரவி, பலவிதமாய் மணந்தது. அதனால்தான் சிலர் அதைப் பழசு, சாதாரணம் என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். முந்திப் பறித்த, கிடங்கில் வாடிய, சராசரியாகக் கலந்த சரக்கை முகர்ந்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு அது. சிட்ராவை இதே அலட்சியத்தோடு ஐந்து நாட்டில் நட்டு, அறுத்து, அலமாரியில் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்பிடட்டும்.

ப்ரூவர்களிடமும் ஹாப்ஸ் இறக்குமதியாளர்களிடமும் கேட்பது ஒன்றே. அட்டையில் ரகத்தின் பெயரைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே விளைந்த பகுதி, அறுவடை ஆண்டு, லாட் எண் இந்த மூன்றையும் போடுங்கள். யாக்கிமாவிலிருந்து வரும் பெட்டியின் மேல் இந்த விவரமெல்லாம் ஏற்கெனவே அச்சாகித்தான் இருக்கிறது. பெட்டியைப் பிரித்த பிறகு அதைக் குப்பையில் போடாமல் இருந்தால் போதும்.